ஜன்னலருகே நின்ற கதாநாயகன்

எங்கள் பனியன் கம்பெனியில் துணியின் நிறத்தைப் பார்க்க இப்போது மெஷின் வந்துவிட்டது. பெட்டிக்குள் தைத்த பீஸை வைத்தால் போதும், நிறம் சரியா தப்பா என்று அதுவே சொல்லிவிடும். அது வந்த மாதமே எனக்கு ஓய்வும் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஹெச்.ஆர். பெண் மூன்று தடவை சொன்னாள். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

வழியனுப்பு விழாவுக்கு முன்னால் செக்கிங் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "சரசக்கா, ஆண்டு மலர்ல நீங்க ஒண்ணு எழுதோணுமுங்க. உங்க சர்வீஸ்ல பாத்ததுலயே பெரிய டிபெக்ட் எதுன்னு எழுதுங்க" என்றார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, கோணல் கழுத்து என்று எதையாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் பார்த்த பெரிய டிபெக்ட் ஒரு காதல் கதையால் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன். மலர்க் குழு வெட்டினால் வெட்டட்டும், பனியன் ஊரில் வெட்டுவதற்கா ஆள் பஞ்சம்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குன்னத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து கைமடியாகச் சேர்ந்தேன். டெய்லர் தைக்கத் தைக்கப் பீஸை எடுத்து மடித்து அடுக்கிக் கொடுக்கும் வேலை அது. பிறகு செக்கர் ஆனேன், அப்புறம் செக்கிங் இன்சார்ஜ். நடுவில் ஒரு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். என் வீட்டுக்காரர் பேசாத மனிதர். பெண் பார்க்க வந்தபோதே பேசவில்லை. "ஆழமான பையன்" என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஏகப்பட்ட சந்தோஷம். அந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க நானும் வெகுகாலம் காத்திருந்தேன். அவர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. இது பற்றி இவ்வளவு போதும்.

செக்கிங் வேலை வெளியிலிருந்து பார்த்தால் சும்மா நிற்கிற மாதிரி இருக்கும். கழுத்து, தோள், கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு என்று கண்ணும் கையும் சேர்ந்து போக வேண்டும். பழுது கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பழுதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் அந்தப் பீஸ் நீலக் கூடைக்குப் போகும். அதன்மேல் நானோ மேனேஜரோ கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினால்தான் அந்தப் பண்டல் பேக்கிங்குக்கு நகரலாம். வாயால் சொன்னால் செல்லாது. நிறத்துக்கு இன்னொரு விதி உண்டு: டியூப் லைட்டை நம்பக் கூடாது, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்க வேண்டும். இரண்டு தடவையாகச் சாயம் போட்ட துணியை இரண்டு லாட் என்போம். டியூப் லைட்டுக்கு அடியில் இரண்டு லாட்டும் அண்ணன் தம்பி போல ஒற்றுமையாக இருக்கும். வெயிலுக்கு வந்தால் பங்காளிச் சண்டை தெரிந்துவிடும்.

எங்கள் முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காங்கேயம் பக்கம் தோட்டமும் மாடும் வைத்திருந்த குடும்பம். மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும், அதுதான் அவர் வழக்கம். கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தால் சாதாரண விஷயம். டீயோடு பிஸ்கட்டும் வந்தால் ஆபத்து. "ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா?" என்று கேட்டுவிட்டால் அன்றோடு அந்த ஆளுக்குக் கம்பெனியில் வேலை முடிந்தது. அப்படிக் கேட்கப்பட்ட யாரும் மறுநாள் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இனி ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அவள் அம்மா உப்பளத்தில் வேலை பார்த்துப் பாதம் முழுக்க வெடித்துப் போனவர். இங்கே வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஓர் அறை எடுத்து, மகள் செக்கிங்கில் சேர்ந்த பிறகுதான் அந்தக் கால் ஆறத் தொடங்கியது. "இந்த வேலை போச்சுன்னா எங்கம்ம மறுபடி உப்புல நிக்கணும்க்கா" என்று சேர்ந்த அன்றே என்னிடம் சொன்னாள். அதனாலேயே அவள் கண் கூர்மையாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அந்தக் கூர்மையான கண்ணை மறைக்க ஒரு புத்தகம் வந்து சேர்ந்தது. வேலை நேரத்தில் செல்போனை லாக்கரில் வைக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனிச் சட்டம். சாப்பாட்டு நேரத்தில் பெண்களுக்குப் பொழுது போகவில்லை. பக்கத்து வீட்டில் எடைக்குப் போட வைத்திருந்த கட்டிலிருந்து ஸ்டெல்லா ஒரு பழைய நாவலை உருவிக்கொண்டு வந்தாள். அட்டை இல்லை, எழுதியவர் யாரென்று தெரியாது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாக வாசிப்பாள். இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் போட மறந்து இருபது பேர் கேட்பார்கள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதுகுக்கும் காது உண்டு.

கதை இதுதான். ஏழை வாத்தியார் மகள் நளினா. எஸ்டேட் முதலாளி ஆதிநாதன். ஆள் நல்ல உயரம், முகத்தில் சிரிப்பே கிடையாது, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல் மூடியே வைத்திருப்பான். இன்னொருவன் மோகனரங்கன். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான், பூ வாங்கித் தருவான். பாதிக் கதையில் நளினாமேல் நகைத் திருட்டுப் பழி விழுகிறது. ஆதிநாதன் ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலருகே போய் வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறான். நளினா அழுகிறாள். செக்கிங் டேபிளில் இருபது பேரும் அழுதார்கள். கடைசியில் பார்த்தால், நகையைத் தேடிக் கண்டுபிடித்துப் பழியைத் துடைத்தது அந்த ஊமையன்தான். திருடியது சிரித்துப் பேசிய மோகனரங்கன்.

நாவலோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் பெண்கள் அதை வாழ்க்கைக்கு அளவுப் பீஸாக வைத்துக்கொண்டார்கள். பேசாதவன் நல்லவன், பேசுகிறவன் திருடன். தினமும் இரண்டு வேளை போன் பண்ணும் மாப்பிள்ளையை ஒருத்தி சந்தேகப்படத் தொடங்கினாள். காமாட்சி என்று ஒருத்தி, வீட்டுக்காரரோடு பதினைந்து வருடம் நன்றாகச் சிரித்துப் பேசி வாழ்ந்தவள், "ஏனுங்கக்கா, எங்கூட்டுக்காரரு எதுக்குங்க இவ்வளவு பேசறாரு?" என்று என்னிடம் வந்து கவலைப்பட்டாள்.

இந்த நேரம் பார்த்து எங்களுக்குப் புது மேனேஜர் வந்தார். பெயர் ரகுநாதன். பெயரில் பாதி பொருந்தியதே பெண்களுக்குப் போதும். ஆள் உயரம், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டார். பீஸைக் காட்டினால் வாங்கிப் பார்ப்பார், திருப்பிக் கொடுப்பார், பிறகு மெல்ல நடந்து ஹாலின் கடைசியில் இருக்கும் ஜன்னலுக்குப் போய் வெளியே தலையை நீட்டி வெகுநேரம் நிற்பார்.

"பாத்தீங்களாக்கா! என்ன சோகமோ" என்றாள் காமாட்சி.

அவர் வாய்நிறையப் பாக்குப் போடுகிறவர். கம்பெனிக்குள் அதற்குத் தடை இருந்ததால் பேசவும் முடியாது, உள்ளே துப்பவும் முடியாது. அந்த ஜன்னலுக்கு வெளியே சுவர் முழுக்கச் சிவப்பாக இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். "கீழே போய்ச் சுவர்ல பாருங்கடி உங்க சோகத்தை" என்று சொன்னேன். அது மழை பட்ட செங்கல் என்று ஒரே குரலில் சாதித்துவிட்டார்கள்.

மோகனரங்கன் வேடத்துக்கும் ஆள் தயாராக இருந்தான். கட்டிங் மாஸ்டர் எட்வின். நாகர்கோவில் பக்கம், வேலையில் கெட்டிக்காரன். ஆனால் வாய் மட்டும் ஷிப்ட் முடிந்தாலும் ஓயாது. ஸ்டெல்லா மேல் அவனுக்குப் பிரியம் என்பது வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். அவன் சிரித்துக்கொண்டு வந்தால் அவள் கையிலிருக்கும் பீஸைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வாள். அவள் மேனேஜரைக் காதலித்தாள் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். ஒரு பெரிய மனிதர் நம்மைப் பேசாமல் பார்த்துக்கொள்கிறார் என்று நம்பினாள். உப்பளத்திலிருந்து வந்தவளுக்கு அந்த நம்பிக்கை எவ்வளவு சுகமாக இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. அதனால்தான் நானும் ரொம்பத் திட்டவில்லை.

பிறகு அந்த நேவி நீல ஆர்டர் வந்தது. கடைசி நேரத்தில் துணி போதவில்லை. உடம்புக்கு ஒரு லாட், கைக்கு வேறு லாட் என்று வெட்டச் சொல்லி மேனேஜர் எட்வினிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு தடவைதான் அவர் வாயைத் திறந்ததே. நான் அந்த வாரம் எங்கள் இன்னொரு யூனிட்டில் இருந்தேன். டேபிளுக்கு வந்த பீஸை ஸ்டெல்லா வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறாள். வெயிலில் உடம்பு நீலம், கை செம்மை ஓடிய நீலம். சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். அம்பு ஒட்டி, நேராக மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலருகே போய் நின்றுகொண்டார்.

அவ்வளவுதான். கதை தெரிந்த டேபிளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பி, அம்பு ஒட்டிய பீஸை நீலக் கூடையில் போட்டுவிட்டு, மீதிப் பண்டல்களைப் பேக்கிங்குக்கு விட்டுவிட்டாள். கையெழுத்து ஸ்டிக்கரும் கேட்கவில்லை, எனக்குப் போனும் பண்ணவில்லை.

ஆர்டர் கொடுத்த பையரின் ஆள் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தார். பெட்டியைத் திறந்து ஒரு பீஸை எடுத்துக்கொண்டு நேராக மொட்டை மாடிக்குப் போனார். இறங்கி வந்தபோது முகம் சரியில்லை. மொத்த ஆர்டரையும் நிறுத்திவிட்டார். ஒவ்வொரு பீஸிலும் செக் பண்ணியவரின் நம்பர் இருக்கும். இருந்தது ஸ்டெல்லாவின் நம்பர். செக்கிங்கில் ஒரு தடவை கெட்ட பெயர் எடுத்தவளை வேறு கம்பெனியும் டேபிளில் நிற்க விடாது. அவள் அம்மாவின் பாதம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது.

மறுநாள் முதலாளி அறைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மேனேஜர், எட்வின், ஸ்டெல்லா, பக்கத்து டேபிள் காமாட்சி, நான்.

"வாங்க சரசு, உக்காருங்க. நீயும் உக்காரு கண்ணு" என்றார் முதலாளி. டீ வந்தது. பின்னாலேயே பிஸ்கட் வந்தது. நான் பிஸ்கட்டைத் தொடவில்லை.

அன்று நடந்ததை என் சர்வீஸில் வேறு எப்போதும் பார்த்ததில்லை. பேசாத மேனேஜர் மடை திறந்தது போல் பேசினார். "சார், இது கம்ப்ளீட்டா செக்கிங்கோட அலட்சியம். இந்தப் பொண்ணோட நம்பர்தான் எல்லா பீஸ்லயும் இருக்கு. என் கவனத்துக்கு யாரும் கொண்டுவரவே இல்ல. வந்திருந்தா அந்த நிமிஷமே நிறுத்தியிருப்பேன்." வாயில் அன்று பாக்கு இல்லை.

ஸ்டெல்லா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த அத்தியாயம் இன்னும் வரவில்லை என்பது போன்ற பார்வை. எனக்கு அவளைப் பார்க்கவே தாங்கவில்லை.

"எட்வினு, ரெண்டு லாட்டுல வெட்டச் சொன்னது யாருங்க?" என்றார் முதலாளி.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். இவன் சொல்லிவிடுவான், அதுவும் விலாவாரியாகச் சொல்லுவான் என்று நினைத்தேன். கதையில் பேசுகிறவன் திருடன் என்றால் நிஜத்தில் பேசுகிறவன்தான் வீரன் என்று எனக்கு நானே ஒரு நாவல் எழுதி வைத்திருந்தேன் போலிருக்கிறது. எட்வின் மேனேஜரைப் பார்த்தான். தன் செருப்பைப் பார்த்தான். "அது... பாக்கணும் சார்" என்றான். வாழ்நாளில் முதல் தடவையாக அவனுக்குப் பேச்சு நின்றுபோனது.

ஸ்டெல்லா எழுந்தாள். "அய்யா, நான் வெயில்ல வச்சுப் பாத்தேன். கை வேற, உடம்பு வேற. சார்ட்ட கொண்டுபோய்க் காட்டுனேன். சார் பாத்தாவ. ஒண்ணும் சொல்லல. ஜன்னல் பக்கம் போய் நின்னுட்டாவ."

"ஸ்டிக்கர் ஒட்டுனாங்களா கண்ணு?"

"இல்லய்யா."

"ஒட்டாம பண்டலை விடக் கூடாதில்ல? அப்புறம் ஏன் விட்ட?"

அவள் முகம் சிவந்தது. எங்கே அவள் வாயை மூடிக்கொண்டே வேலையை இழந்துவிடுவாளோ என்று காமாட்சிக்குப் பொறுக்கவில்லை. "கதையில அப்படித்தானுங்கய்யா வரும்!" என்று கத்திவிட்டாள்.

"எந்தக் கதையில அம்மிணி? சொல்லு, கேப்போம்" என்றார் முதலாளி, பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தி.

முதலாளி அறையில், ஏ.சி.க்கு அடியில், ஷிப்மென்ட் நின்றுபோன நாளில், காமாட்சி அந்த நாவலை முழுக்கச் சொன்னாள். "ஆதிநாதன் பேசவே மாட்டாருங்க. நளினா மேல திருட்டுப் பட்டம் கட்றப்பக்கூட ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்குவாருங்க. பாக்கறவிய எல்லாம் கல்லு நெஞ்சம்பாங்க. ஆனா உள்ளுக்குள்ள அம்புட்டும் தங்கமுங்க. எல்லாத்தையும் அவரே பாத்துக்குவாருங்க. நம்ம சாரும் அச்சு அசலா அப்படித்தானுங்களே! அதே உசரம், அதே ஜன்னலு. அதான் சார் பீஸைப் பாத்துட்டுப் போயி நின்னதும், சரி, இனி அவரு பாத்துக்குவாருன்னு விட்டுட்டமுங்க."

முதலாளி ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். நான் மேனேஜரைப் பார்த்தேன். அந்த முகத்தில் ஒரு மாற்றம் வந்துகொண்டிருந்தது. கை தானாகக் காலரைச் சரிசெய்தது. இருபது பெண்கள் இத்தனை நாளாகத் தன்னைக் கதாநாயகனாக வைத்திருந்தார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிகிறது. மனிதர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஆக்சுவலா சார்," என்றார், குரலை ஆதிநாதன் அளவுக்கு இறக்கி, "அவங்க சொல்றது ஒரு வகையில கரெக்ட்தான். நான் அதிகம் பேசற டைப் இல்ல. ஒரு விஷயத்தைப் பாத்தா மனசுக்குள்ள வாங்கிக்குவேன். அன்னைக்குக்கூட அந்த ஸ்லீவைப் பாத்துட்டு ரொம்ப நேரம் ஜன்னல்கிட்ட நின்னு யோசிச்சுட்டுத்தான்..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஆனால் தாமதமாகிவிட்டது. யாருமே கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி முடித்திருந்தார்.

முதலாளி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அப்பப் பீஸு உங்க பார்வைக்கு வந்துச்சுங்க."

மேனேஜர் ஜன்னல் எங்கே என்று தேடினார். அந்த அறையில் ஜன்னல் கிடையாது.

"சரிங்க," என்றார் முதலாளி, ரொம்பவும் மரியாதையாக. "ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா?"

மேனேஜர் மறுநாள் வரவில்லை. ஸ்டெல்லாவிடம் முதலாளி, "ஸ்டிக்கர் இல்லாம விட்டது உன்ற தப்புதான் கண்ணு. அதை நீயே நின்னு சரி பண்ணிக் குடு" என்றார். அவளுக்கு டீ மட்டும்தான் கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மொட்டை மாடியில் துணியை விரித்து, வெயிலில் எல்லாப் பெட்டியையும் பிரித்தோம். கையைப் பிரித்து வேறு கை வைத்துத் தைக்க வேண்டும். உடம்பு நிறத்துக்குப் பொருந்தும்படி சாயம் போட்டு வாங்கிய துணியில், எட்வின் தானாக வந்து புதுக் கை வெட்டிக் கொடுத்தான். அவனுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. அன்று ஏன் பேசவில்லை என்பதற்கு அவன் சொன்ன காரணங்களை அடுக்கினால் அதுவே ஒரு பண்டல் ஆகும். ஸ்டெல்லா ஒரு பதிலும் சொல்லாமல் பீஸைத் தூக்கி வெயிலில் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்கு அவன் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டான் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. சர்ச் முடிந்ததும் அத்தை மாமாவைக் கூட்டிக்கொண்டு, பழத்தட்டோடு லைன் வீட்டுக்கு வந்து நின்றான். ஸ்டெல்லாவின் அம்மா பதறிப்போய் எனக்கு ஆள் அனுப்பினார். கட்டிங் செக்ஷன் வரைக்கும் அந்த நாவல் கசிந்திருக்கிறது. பேசாமல் இருப்பவர் மனதில் அன்புதான் இருக்கும் என்று அவனும் நம்பிவிட்டான்.

ஸ்டெல்லா எல்லோர் முன்னாலும் கேட்டாள். "அன்னைக்கு ஆபீஸ்ல ஏன் வாயத் தொறக்கல?"

எட்வின் வழக்கம்போலப் பெரிதாக ஆரம்பிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்தான். "பயந்துட்டேன்" என்றான். "வேலை போயிரும்னு பயந்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

அவன் அத்தைக்கு மானம் போய்விட்டது. ஸ்டெல்லா அவனிடம், "தட்டை இன்னைக்கு வாங்கல. கொஞ்ச நாள் போகட்டும். பாத்துச் சொல்லுதேன்" என்றாள். அதற்குள் அவள் அம்மா பதற்றத்தில் ஆப்பிளை நறுக்கியிருந்தார். அதைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நாள் என்றது ஒரு வருடத்துக்குமேல் ஆனது. பிறகு கல்யாணம் நடந்தது. எட்வின் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறான். பயம் வந்தால் அதையும் வீட்டில் வந்து சொல்லிவிடுகிறான் என்று ஸ்டெல்லா சொல்லுவாள். இப்போது என் நாற்காலியில் இருப்பது அவள்தான். அந்த மெஷினை நம்பாமல் இன்னும் பீஸை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள் என்று ஹெச்.ஆர். பெண் அவள்மேல் புகார் சொல்கிறாள்.

வழியனுப்பு விழா முடிந்து மாலையைக் கழற்றி வைத்துவிட்டு நாங்கள் இருவரும் டேபிளில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் புத்தகம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"வீட்லதான்க்கா கெடக்கு. போன மாசம் மறுபடியும் எடுத்துப் படிச்சேன்" என்றாள். வாசல் கேட் அருகிலிருந்து எட்வின் வாட்ச்மேனிடம் பேசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "கல்யாணத்தோட கதைய முடிச்சிட்டாவக்கா. அதுக்கப்புறம் அந்த மனுசன்கூட ஒரே வீட்ல அவ எப்படி இருந்திருப்பா? கொழம்புல உப்பு சரியா இருக்கான்னு கேட்டாக்கூட ஜன்னல் பக்கம் போயிருவாம்லா. வருசக்கணக்கா யார்ட்டக்கா பேசியிருப்பா அவ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், என் வீட்டுக்காரருக்கு நான் வைத்த குழம்பெல்லாம் ஞாபகம் வந்தது.

"பாவம்க்கா நளினா" என்றாள் ஸ்டெல்லா.

"ஆமாடி" என்றேன்.